விழும்போது எடை இல்லை: தராசிலிருந்து கேம் திரை வரை

முள் வைத்த பழைய மாடல் எடை மெஷின் எங்காவது கண்ணில் பட்டால் அதன்மேல் ஏறி நில்லுங்கள். முள் 60இல் நிலைத்ததும் சட்டென்று முழங்காலை மடக்கிக் குத்தவையுங்கள். ஒரு கணம் முள் 60க்குக் கீழே சரியும். உட்கார்ந்து முடிக்கும் நேரத்தில் 60ஐத் தாண்டி எகிறும். பிறகு இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு மறுபடி 60க்கே வந்து சேரும். (டிஜிட்டல் மெஷினில் இந்தக் கூத்து சரியாகத் தெரியாது. ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து ஒரே ஒரு எண்ணைக் காட்டும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.) அந்த ஓரிரு நொடிகளில் உங்கள் உடம்பில் எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை. பூமி இழுப்பதிலும் மாற்றமில்லை. அப்படியானால் முள் எதைத்தான் அளந்தது?

தன்மேல் விழும் அழுத்தத்தை. மெஷினுக்குப் பூமியைத் தெரியாது, உங்கள் பாதத்தை மட்டும்தான் தெரியும். பாதம் எவ்வளவு விசையோடு கீழே அழுத்துகிறதோ அதே விசையோடு மெஷின் மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தத் தாங்கலைத்தான் கிலோகிராமாக்கிக் காட்டுகிறது. நமக்கும் அப்படித்தான். "உடம்பு கனக்கிறது" என்று நாம் உணர்வது பூமியின் இழுப்பை அல்ல. இழுப்பு உடம்பின் எல்லா அணுக்களிலும் ஒரே சீராக வேலை செய்வதால் அதை உணர வழியில்லை. உணர்வதெல்லாம் தரை நம்மைத் தடுப்பதை. தரையிடமிருந்து பாதத்துக்கு, பாதத்திடமிருந்து முழங்காலுக்கு, முழங்காலிடமிருந்து இடுப்புக்கு என்று அது ஏறிவருகிறது.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் இயற்பியலில் எடை தொடர்பான குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். கேம்களில் ஒரு பாத்திரம் ஏன் பஞ்சு மாதிரி மிதக்கிறது, இன்னொன்று ஏன் இரும்புக் குண்டாகத் தெரிகிறது என்பதும் இங்கிருந்தே விளங்கும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் தமிழில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு பொருள் எங்கே போனாலும் மாறாத அளவு ஒன்று இருக்கிறது: அதைத் தள்ளி நகர்த்துவது எவ்வளவு கடினம், ஓடுவதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு. தமிழகப் பாடநூல்கள் இதை நிறை என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் இதையே திணிவு என்கின்றன. இலங்கையில் நிறை என்றால் அது பூமி இழுக்கும் விசை, அதாவது தமிழகத்தார் சொல்லும் எடை. இரு பக்கத்து மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நேரெதிராகப் பேசுவார்கள். இந்தக் கட்டுரையில் நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது, எடை என்றால் நியூட்டனில் அளப்பது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை பூமியில் ஏறத்தாழ 589 நியூட்டன். அதே ஆள் நிலவில் நின்றால் நிறை 60தான். எடை 97 நியூட்டன்.

அப்படிப் பார்த்தால் எடை மெஷின் ஒரு சின்னப் பொய் சொல்கிறது. அளப்பது நியூட்டனை, காட்டுவது கிலோகிராமை. நடுவில் 9.8 ஆல் (ஈர்ப்பு முடுக்கம்: விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவு) வகுத்துக்கொள்கிறது. பூமியில் எல்லா இடத்திலும் அந்த எண் ஒன்றேதான் என்று அதற்கு நம்பிக்கை. உண்மையில் நிலநடுக்கோட்டில் அது 9.78, துருவங்களில் 9.83. வித்தியாசம் அரை சதவீதம். உடம்பின் எடைக்கு இது பொருட்டில்லை. துல்லியத் தராசுகளுக்குப் பெரிய பொருட்டு. ஆகவேதான் அவற்றை வைக்கும் இடத்திலேயே தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறார்கள். இந்த வித்தியாசம் முதலில் பிடிபட்டது தராசில் அல்ல, கடிகாரத்தில். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம், பாரிசில் சரியாக ஓடியது, அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது ஈர்ப்பு மெலிகிறது, ஊசல் சோம்பலாகிறது. இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பொருளும் எடைக்கல்லும் ஒரே ஈர்ப்பில் இருப்பதால் அது நிறையைத்தான் ஒப்பிடுகிறது. நிலவுக்குக் கொண்டுபோனாலும் சரியாகவே சொல்லும்.

தரை எடுபட்டுவிட்டால் எடை என்னவாகும்? சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7. தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. ஆனாலும் வீரர்கள் மிதக்கிறார்கள், ஏனென்றால் நிலையமும் அவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் பெரிது என்பதால் பூமியை மோதாமல் அதைச் சுற்றி விழுகிறார்கள். தடுக்கத் தரை இல்லை, ஆகவே எடை தெரிவதில்லை. தடையின்றி விழுபவன் தன் எடையை உணர மாட்டான் என்ற எண்ணம் ஐன்ஸ்டைனுக்கு 1907இல் காப்புரிமை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. தன் வாழ்நாளிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று அதை அவர் பின்னாளில் குறிப்பிட்டார். பொதுச் சார்பியல் கோட்பாடு அந்த ஒற்றை எண்ணத்திலிருந்து முளைத்தது.

எடை போனாலும் நிறை போகாது. விண்வெளியில் ஒரு கனமான பெட்டியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதை நகர்த்தத் தொடங்கவும் ஓடுவதை நிறுத்தவும் பூமியில் எவ்வளவு தம் கட்ட வேண்டுமோ அவ்வளவும் கட்டத்தான் வேண்டும். 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்தில் வீரர்களின் நிறையை அளக்க ஸ்பிரிங் பொருத்திய ஆடும் நாற்காலி ஒன்று வைத்திருந்தார்கள். உட்கார்ந்து ஆட்டிவிட்டால், நிறை கூடுதலானவர் மெதுவாக ஆடுவார், குறைந்தவர் வேகமாக ஆடுவார். ஆடும் நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அங்கே எடை மெஷின் வேலைக்கு ஆகாது.

ஒரு வரி ஈர்ப்பு, ஆயிரம் வரி தரை

இப்போது கேமுக்குள் வருவோம். ஒரு பொருளைக் கீழே விழவைக்க நிரலில் எவ்வளவு எழுத வேண்டும்? ஒரு வரி. ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் நொடிக்குப் பல முறை மாறும் படங்களில் ஒவ்வொன்றிலும்) வேகத்தோடு ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டு, அவ்வளவுதான். கேம் செய்ய உதவும் மென்பொருளான யூனிட்டி இன்ஜினில் புதிதாக ஒரு காட்சியைத் திறந்தால் அந்த எண் −9.81 என்று தயாராக இருக்கும். நீளத்தை சென்டிமீட்டரில் கணக்கிடும் அன்ரியல் இன்ஜினில் −980. ஆனால் விழுந்த பொருள் தரையில் நிற்க வேண்டுமே! அங்கேதான் உண்மையான வேலை. எது எதைத் தொடுகிறது, எந்தக் கோணத்தில், எவ்வளவு புதைந்துவிட்டது, எவ்வளவு விசையோடு வெளியே தள்ளுவது, உராய்வு எவ்வளவு... இயற்பியல் இன்ஜின் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தரையின் கதை. மெஷினில் நாம் பார்த்த அதே உண்மை இங்கே நிரலின் நீளமாக வந்து நிற்கிறது.

கேம் செய்யப் பழகும்போது கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள், நானும் செய்தேன். ஒரு மரப்பெட்டி மெதுவாக விழுவதுபோல் பட்டது. இன்னும் கனமாக்கினால் சரியாகிவிடும் என்று அதன் நிறையை 1இலிருந்து 1000க்கு ஏற்றினேன். இம்மி மாற்றமில்லை, அதே சோம்பலோடு விழுந்தது. ஏதோ பிழை என்று ஒரு மணி நேரம் தேடினேன். பிழை என்னிடம்தான். கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது, சரி. ஆனால் அந்தப் பொருள் நகர மறுப்பதும் அதே அளவுக்கு அதிகம். இரண்டும் கழிந்துவிடுவதால் எல்லாமே ஒரே மாதிரி விழும். 1971 ஆகஸ்ட் 2ஆம் தேதி அப்போலோ 15இன் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று 1.32 கிலோ சுத்தியலையும் 30 கிராம் வல்லூறு இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். காற்றில்லாத இடம் என்பதால் இரண்டும் ஒன்றாகவே மண்ணைத் தொட்டன. அந்தக் காணொளியை எத்தனையோ தடவை பார்த்திருந்தும் மரப்பெட்டி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோனேன். கனமானது வேகமாக விழும் என்று நம் கைகள் அவ்வளவு உறுதியாக நம்புகின்றன.

அப்படியானால் என் பெட்டி ஏன் மெதுவாகத் தெரிந்தது? அளவு குழப்பம். ஒரு மீட்டர் பெட்டி என்று நான் நினைத்தது அந்தக் காட்சியில் பத்து மீட்டர் கட்டடமாக இருந்தது. பெரிய பொருள் தன் உயரத்தைக் கடக்க அதிக நேரம் எடுக்கும், ஆகவே தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் மெதுவாக நடக்கும்.

கேம் பாத்திரங்கள் குதிப்பதிலும் இதே கதைதான். நல்ல உடல்வலு உள்ள மனிதன் நின்ற இடத்திலிருந்து அரை மீட்டர் எம்புவான். ஏறி இறங்க மொத்தம் 0.64 நொடி. கேம் பாத்திரமோ தன்னைப்போல இரண்டு மடங்கு உயரம், நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், எம்ப வேண்டும். பூமியின் ஈர்ப்பையே வைத்தால் ஏறி இறங்க 1.8 நொடி ஆகும். பட்டனை அழுத்திவிட்டு 1.8 நொடி காத்திருப்பது விளையாடுபவருக்கு ஒரு யுகம். பாத்திரம் பலூன்போல மிதக்கும். அதை 0.7 நொடிக்குள் முடிக்க வேண்டுமானால் ஈர்ப்பை 65 ஆக்க வேண்டும், பூமியைவிட ஆறரை மடங்குக்கும் மேல். 'எடையில்லாமல் மிதக்கிறது' என்று விமர்சிக்கப்படும் பல கேம்களில் ஈர்ப்பு சரியாகத்தான் இருக்கும். குதிப்புதான் பொய். 1996இல் வந்த குவேக் கேமில், அதன் சொந்த அலகில், ஈர்ப்பின் அளவு 800, வீரனின் உயரம் 56. அந்த வீரன் 1.8 மீட்டர் ஆள் என்று கொண்டால் அவன் வாழும் உலகின் ஈர்ப்பு பூமியினுடையதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். நம்மை அங்கே விட்டால் முழங்கால் தாங்காது.

இதோடும் நிற்பதில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் ஈர்ப்பு ஒரே எண்ணே அல்ல. பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஏறும்போது ஒரு ஈர்ப்பு, விரலை எடுத்ததும் அதைவிட வலுவான ஈர்ப்பு, இறங்கும்போதும் அந்த வலுவானதே. 2018இல் வந்த செலஸ்டியில் குதிப்பின் உச்சியில் பட்டனைப் பிடித்திருந்தால் ஈர்ப்பு பாதியாகும். எங்கே இறங்குவது என்று யோசிக்க அந்த இழை நேரம் கிடைக்கிறது. விரலின் விருப்பப்படி மாறும் ஈர்ப்பு எந்தக் கோளிலும் கிடையாது. ஆனாலும் மாரியோவின் குதிப்பு யாருக்கும் செயற்கையாகப் படவில்லை. டெட்ரிஸ்காரர்கள் 'கிராவிட்டி' என்று சொல்வது இன்னும் வேடிக்கை. ஒரு கட்டை ஒரு ஃபிரேமுக்கு எத்தனை கட்டம் இறங்குகிறது என்பதே அங்கே கிராவிட்டி. முடுக்கமே இல்லை, சீரான வேகம் மட்டும். கீழ் வரிசை மறைந்தபின் மேலே இருக்கும் துண்டுகள் அடியில் எதுவுமில்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது. இலேசான பெட்டியின்மேல் நூறு மடங்கு நிறையுள்ள பெட்டியை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் கீழ்ப்பெட்டி நடுங்கும், புதையும், சில நேரம் தெறித்து ஓடும். உண்மை உலகில் தொடும் இடங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. இன்ஜினோ ஒவ்வொரு தொடுபுள்ளியாகப் போய்த் திருத்துகிறது, முதலிலிருந்து மறுபடி ஒரு சுற்று வருகிறது, நேரம் முடிந்ததும் போதும் என்று விட்டுவிடுகிறது. யூனிட்டியில் நாம் மாற்றாதவரை அது ஆறு சுற்று. மேலே இருக்கும் பெரும் பாரத்தைக் கீழே தரைவரை கடத்த இலேசான பெட்டிக்கு ஆறு சுற்று போதாது. ஆகவே கேம்களில் நிறைகள் ஊமைப் பொய்கள். கண்ணாடிக் குப்பிக்கும் லாரிக்கும் இடையில் உண்மையில் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும். நிரலில் அது ஐம்பது மடங்காகச் சுருங்கியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை கணக்குக்கும் நடுவில் நிற்கும் நாயகனுக்கு அநேகமாக நிறையே கிடையாது. நாம் இயக்கும் பாத்திரத்தை இயற்பியல் இன்ஜினிடம் ஒப்படைத்தால் அது கல் தடுக்கி உருளும், மூலையில் சிக்கும். ஆகவே அதை மாத்திரை வடிவக் கூடாக வைத்து, பட்டன் சொன்ன திசையில் நேரடியாக நகர்த்துகிறார்கள். அந்தக் கூடு சீசா பலகையில் ஏறினால் பலகை தானாகச் சாயாது. சாய வேண்டுமென்றால் 'இங்கே ஒரு எடை இருக்கிறது' என்று யாராவது தனியாக எழுத வேண்டும். 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2இல் சீசா பலகையின் ஒரு முனையில் சிமென்ட் கற்களை அடுக்கி மறுமுனையை உயர்த்தி ஏறிப்போகும் இடம் அப்போது எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது அதனால்தான். கேமில் ஒரு பொருள் உண்மையிலேயே கனத்தது.

நிலவில் நடக்கும் கேம் காட்சிகளில் இந்த நிறையின்மை பளிச்சென்று தெரியும். ஈர்ப்பை ஆறில் ஒன்றாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். நாயகன் உயரமாகக் குதிப்பான், ஓடிவந்து சடாரென்று நிற்பான். உண்மை நிலவில் அப்படிச் சடாரென்று நிற்க முடியாது. தரையை அழுத்தும் விசை ஆறில் ஒன்றானால் உராய்வும் ஆறில் ஒன்றாகும். நிறையோ முழுசாக இருக்கிறது. அதே வேகத்தில் ஓடிவந்தால் சறுக்கி நிற்க ஆறு மடங்கு தூரம் வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைக் காட்டும் கேம்கள் குறைவு. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

கனம் வேறு, சுமை வேறு

ஆங்கிலம் பேசும் கேம் உலகம் இவை எல்லாவற்றுக்கும் 'வெயிட்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. நம்மிடம் நிறை, எடை, கனம், பாரம், சுமை என்று தனித்தனியாக இருப்பது இங்கே உதவுகிறது. கேம் செய்பவர்கள் உண்மையில் ஒரே பொருளின் எடையைத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் கொடுக்கிறார்கள். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் பௌசருக்கு எடை 135, ஃபாக்ஸுக்கு 77. அடித்தால் எவ்வளவு தூரம் பறப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. விழும் வேகத்துக்கு வேறு எண்: ஃபாக்ஸுக்கு 2.1, பௌசருக்கு 1.77. மெல்லிய நரி மலைபோன்ற ஆமையைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. கலிலியோ, அரிஸ்டாட்டில் இருவருமே தலையைச் சொறிந்திருப்பார்கள்.

சுமை என்பது பை சார்ந்தது. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளிலேயே ஆயுதம், கவசம் எல்லாவற்றையும் பொற்காசுகளின் எடையில் அளந்தார்கள். புதையல் வேட்டைக்கு அது பொருத்தமான அலகு: வாளைத் தூக்கினால் எத்தனை காசை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது உடனே தெரியும். இங்கே எடை இயற்பியல் அல்ல, பேரம். ஸ்கைரிம் கேமில் தொடக்கத்தில் 300 அலகு சுமக்கலாம். 300 வரை மான்போல ஓடலாம், 301 ஆனதும் ஊர்ந்துதான் போக வேண்டும். காசுக்கு அங்கே எடையே இல்லை. உலகில் எந்த முதுகும் இப்படி வேலை செய்யாது. ஒவ்வொரு கிலோவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வலிக்கும். டார்க் சோல்ஸ் இதைச் சற்று மேம்படுத்தியது: தாங்கும் அளவில் கால்வாசிக்குள் இருந்தால் அடியிலிருந்து தப்ப உருளுவது மின்னல், பாதிக்குள் இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் மூட்டையை உருட்டிவிட்டதுபோல. எண்ணை உடம்பின் அசைவாக மாற்றியதால் அது நினைவில் நிற்கிறது. மைன்கிராஃப்டில் இந்தக் கவலையே கிடையாது. ஒரு கட்டி ஒரு கன மீட்டர் என்று கொண்டால், பை நிறையத் தங்கக்கட்டிகளை ஏற்றிக்கொண்டு நாயகன் துள்ளி ஓடுகிறான். 36 இடங்கள், ஒவ்வொன்றிலும் 64 கட்டிகள், கட்டி ஒன்று 19.3 டன். மொத்தம் 44,000 டன்னுக்கு மேல்.

சுமையைச் சுமையாகவே நடத்திய கேம் 2019இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங். எவ்வளவு என்பதோடு எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. முதுகில் உயரமாக அடுக்கினால் ஆள் சாய்வான், சாயும் பக்கத்துக்கு எதிரான ட்ரிகர் பட்டனை விளையாடுபவர் அழுத்திச் சரிக்கட்ட வேண்டும். சரிவில் இறங்கும்போது இரண்டு விரல்களும் தாமாகவே இறுகிக்கொள்வதைக் கவனித்தால் தெரியும், கையில் எடை ஏறிவிட்டது.

மிச்சம் இருப்பது கனம், அதாவது பார்த்த மாத்திரத்தில் தோன்றும் பாரம். இதற்கு எண் கிடையாது. பெரிய வாளை ஓங்குவதற்கு முன் தோள் பின்னால் போவது, ஓங்கிவிட்டால் பாதியில் கைவிட முடியாமலிருப்பது, பட்ட இடத்தில் படம் சில ஃபிரேம்கள் உறைந்து நிற்பது, இறங்கும் இடத்தில் முழங்கால் மடங்கி கேமரா ஒரு விரற்கடை தாழ்வது: எல்லாம் தடையின் வேஷங்கள். அடி பட்டதும் இரண்டு வீரர்களும் ஒரு இமைப்பொழுது அசையாமல் நிற்பதை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் பார்க்கலாம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 10 ஃபிரேம் நிறுத்தினால் நொடியில் ஆறில் ஒரு பங்கு. நின்றது படம்தான். ஆனால் மூளை, ஏதோ கனமான ஒன்று எதிலோ மோதித் தடைபட்டது என்று படிக்கிறது.

மூளை இதில் ஏமாறச் சித்தமாகவே இருக்கிறது. 1891இல் பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்தேன் ஷார்பான்தியே விவரித்த சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். ஒரே எடையுள்ள இரண்டு பெட்டிகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. தூக்கினால் சிறியதுதான் கனக்கும். தராசில் வைத்து இரண்டும் சமம் என்று காட்டிய பிறகும் கனக்கும். எதிர்பார்ப்புக்கும் கைக்கு வந்த தடைக்கும் உள்ள இடைவெளியும் கனமாகத் தோன்றுவதில் பங்கெடுக்கிறது.

இந்த வித்தைகள் கைவிட்டுப்போகும் இடம் மெய்நிகர் உலகம். தலையில் ஹெட்செட், இரண்டு கையிலும் கன்ட்ரோலர். முன்னால் ஒரு பட்டறைக்கல் கிடக்கிறது. பிடித்துத் தூக்குகிறீர்கள். உங்கள் உண்மையான கை காற்றைத்தான் தூக்குகிறது, ஆகவே ஒரே வீச்சில் தலைக்கு மேல் போய்விடும். படத்திலுள்ள கையும் கூடவே போனால் பட்டறைக்கல் தெர்மாகோலாகிவிடும். அதனால் சில கேம்களில் படத்துக் கையைப் பின்தங்கவிடுகிறார்கள்: உங்கள் கை தலைக்கு மேலே இருக்க, திரையில் அது இன்னும் இடுப்பருகே பட்டறைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். இடைவெளி கொஞ்சமாக இருந்தால் கல் கனக்கிறது. கூடிப்போனால் அது உங்கள் கையாகவே தெரியாது. சிலர் மூன்றாவது முறை தூக்கும்போது, கன்ட்ரோலரில் எந்த எடையும் இல்லாமலேயே, தாமாகக் கையை மெதுவாக்கிக்கொள்கிறார்கள்.